தசை இழுக்கும், தள்ளாது! தசை, மூட்டு, அசைவு: வாசகர் கேள்வி பதில்

தசை, மூட்டு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். உடற்கூறியல் கற்பிப்பவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

தசை சுருங்கி எலும்பை இழுக்கிறது என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியானால் கதவைத் தள்ளும்போதும் தண்டால் எடுக்கும்போதும் என்ன நடக்கிறது? அங்கே தசை தள்ளத்தானே செய்கிறது?
பிளஸ் ஒன் மாணவி, தருமபுரி

கதவைத் தள்ளுவது கை. அந்தக் கைக்குள் இருக்கும் தசை அப்போதும் இழுக்கத்தான் செய்கிறது. மேல்கையின் பின்புறம் டிரைசெப்ஸ் என்ற தசை இருக்கிறது. அதற்கு மூன்று தலைகள். ஒன்று தோள்பட்டை எலும்பில் தொடங்குகிறது, மற்ற இரண்டும் மேல்கை எலும்பில். மூன்றும் ஒரே நாணாகச் சேர்ந்து, முழங்கை மூட்டைப் பின்பக்கமாகத் தாண்டி, முன்கையின் அல்னா எலும்பு முனையில் பிடித்துக்கொள்கின்றன. முழங்கையை மேசையில் ஊன்றும்போது இடிக்கிற எலும்பு முனைதான் அது. டிரைசெப்ஸ் சுருங்கினால் அந்த முனை மேலே இழுபடும். மூட்டு அச்சாக நிற்பதால் மறுகோடியில் இருக்கும் உள்ளங்கை முன்னே போகும். அதைத்தான் நாம் தள்ளுவது என்கிறோம்.

உடலில் 600-க்கும் மேற்பட்ட எலும்புத்தசைகள் இருக்கின்றன. பெயர்களை மனப்பாடம் செய்து மாளாது. எந்தத் தசையைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த மூட்டைத் தாண்டுகிறது, அந்த மூட்டின் எந்தப் பக்கமாகத் தாண்டுகிறது. முன்பக்கம் தாண்டினால் முழங்கை மடங்கும், பின்பக்கம் தாண்டினால் நீளும். முழங்காலில் இது தலைகீழ். அங்கே முன்பக்கத் தசைதான் நீட்டுகிறது. தசையின் வேலை, அதை நீட்டிவிடும் முறை, எந்த அசைவில் அது வலிக்கும் என்பதெல்லாம் இந்த இரண்டு கேள்விக்குள் அடங்கிவிடும்.

ஒன்றைச் செய்து பாருங்கள். முழங்கையை 90 டிகிரி மடக்கி, உள்ளங்கை கீழே பார்க்கும்படி வையுங்கள். மற்ற கையால் மேல்கையின் முன்புறத்தைப் பிடித்துக்கொண்டு, முழங்கையை அசைக்காமல் உள்ளங்கையை மேல்நோக்கி வேகமாகத் திருப்புங்கள். பைசெப்ஸ் திரண்டு எழுவது விரலுக்குத் தெரியும். பைசெப்ஸ் பிடித்திருப்பது, கட்டைவிரல் பக்கமுள்ள, சுழலக்கூடிய ரேடியஸ் எலும்பில். அதனால் மடக்குவதோடு உள்ளங்கையைத் திருப்புவதும் அதன் வேலை. வலக்கைக்காரர்களுக்கு ஸ்குரூவை முடுக்குவது கழற்றுவதைவிடச் சுலபமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். உள்ளங்கை எந்தப் பக்கம் பார்த்தாலும் முழங்கையை மடக்கித் தருவது பைசெப்ஸுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பிரேக்கியாலிஸ். பாடப்புத்தகப் படத்தில் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள். மடக்குவதில் பெரும்பங்கு அதனுடையது.

வெள்ளியங்கிரி ஏறும்போது மூச்சுதான் வாங்கியது, கால் வலிக்கவில்லை. இறங்கி வந்த மறுநாள் தொடை பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்க முடியவில்லை. லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சரியா?
வாசகர், பொள்ளாச்சி

லாக்டிக் அமிலத்துக்கும் மறுநாள் வலிக்கும் தொடர்பில்லை. உழைப்பை நிறுத்திச் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் அதன் அளவு பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

தசை மூன்று விதமாக வேலை செய்யும். சுருங்கிக்கொண்டே இழுக்கும், நீளம் மாறாமல் பிடித்து நிற்கும், நீண்டுகொண்டே போகும்போதும் விடாமல் இழுக்கும். மலை இறங்குவது மூன்றாவது வகை. ஒவ்வோர் அடியிலும் உடல் எடை முழங்காலை மடக்கப் பார்க்கிறது. தொடையின் முன்புறமுள்ள குவாட்ரிசெப்ஸ், நீண்டுகொடுத்துக்கொண்டே அந்த எடையைத் தாங்கி மெல்ல இறக்குகிறது. இப்படி நீளும்போது இழுக்கும் இழைகளில்தான் நுண்ணிய சேதம் அதிகம். அதைச் சரிசெய்ய வரும் அழற்சியால் வலி உடனே தெரியாது. 24 மணி நேரத்தில் தொடங்கி, 2 அல்லது 3 நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கும்.

சமதரையில் மெதுவாக நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், போதுமான தண்ணீர் குடியுங்கள். அழுத்தித் தேய்த்து நீவ வேண்டாம். அடுத்த முறை போகும்முன் 3 அல்லது 4 வாரத்துக்கு, வாரத்தில் 3 நாள், படி இறங்கும் பயிற்சி செய்யுங்கள். ஒரு படியில் நின்று, 3 எண்ணும்வரை முழங்காலை மெல்ல மடக்கி மற்ற காலைக் கீழ்ப்படியில் வைக்க வேண்டும். காலுக்கு 10 தடவை, 2 சுற்று. ஒருமுறை இப்படிப் பழகிய தசை பல வாரங்களுக்கு அந்தச் சேதத்தைத் தாங்கும். மலைக்குக் கொண்டுபோகும் மூங்கில் தடியை ஏறும்போதைவிட இறங்கும்போது நன்றாக ஊன்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கடும் உழைப்புக்குப் பிறகு சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனாலோ, தொடை கல்லாக வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

அம்மாவின் முழங்கால் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் மீடியல், போஸ்டீரியர், டிஸ்டல் என்று எழுதியிருக்கிறது. டாக்டரைப் பார்ப்பதற்குமுன் நாமே ஓரளவு புரிந்துகொள்ள வழி உண்டா?
வாசகி, நாகர்கோவில்

உண்டு. உடற்கூறியல் சொற்கள் எல்லாமே ஒரு குறிப்பிட்ட நிலையை வைத்துத்தான் பேசும்: ஆள் நேராக நிற்கிறார், கைகள் தொங்குகின்றன, உள்ளங்கைகள் முன்னே பார்க்கின்றன. படுத்திருந்தாலும் குனிந்திருந்தாலும் கணக்கு இதுதான். உடலின் நடுக்கோட்டை ஒட்டிய பக்கம் மீடியல், விலகிய பக்கம் லேட்டரல். முழங்காலில் மீடியல் என்றால் மற்ற முழங்காலைப் பார்க்கும் உட்புறம். உள்ளங்கை முன்னே பார்ப்பதால் கட்டைவிரல் இருப்பது லேட்டரல் பக்கம். பலர் தடுமாறும் இடம் இது. ஆன்டீரியர் முன்புறம், போஸ்டீரியர் பின்புறம். கை கால்களில் உடலோடு சேரும் இடத்துக்கு அருகே இருப்பது ப்ராக்ஸிமல், விரல் நுனிப் பக்கம் இருப்பது டிஸ்டல். வலது இடது எப்போதும் நோயாளியுடையது, பார்ப்பவருடையது அல்ல.

ஆக, 'போஸ்டீரியர் ஹார்ன் ஆஃப் மீடியல் மெனிஸ்கஸ்' என்று இருந்தால், முழங்காலின் உட்புறக் குருத்தெலும்பு வளையத்தில் பின்பகுதி என்று பொருள். அங்கே கிழிசல் என்று எழுதியிருந்தால் உடனே அறுவை சிகிச்சை என்று பயப்படத் தேவையில்லை. நடுவயதைக் கடந்தவர்களில் வலியே இல்லாத முழங்காலிலும் இந்தக் கிழிசல் அடிக்கடி தென்படும். ரிப்போர்ட்டில் உள்ள இடமும் அம்மா விரல் வைத்துக் காட்டும் வலியும் பொருந்துகின்றனவா, முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போகிறதா என்பதைப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். இந்த இரண்டையும் குறித்துக்கொண்டு போங்கள்.

கால் பிசகிச் சுளுக்கிக்கொண்டால் எங்கள் ஊரில் எண்ணெய் போட்டு நீவி, இழுத்து 'சுளுக்கு எடுப்பார்கள்'. அது நல்லதா? சுளுக்கு என்பது தசையா, நரம்பா?
கபடி விளையாட்டு வீரர், ஒட்டன்சத்திரம்

இரண்டும் இல்லை. எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் லிகமென்ட் நார் அளவுக்கு மீறி இழுபட்டோ கிழிந்தோ போவதுதான் கணுக்கால் சுளுக்கு. தசையை எலும்போடு சேர்ப்பது வேறு, அது டெண்டன் என்ற நாண். பாதம் உட்புறமாக மடங்கும்போது முதலில் அடிபடுவது வெளிக் கணுக்கால் எலும்புக்கு முன்னே, சற்றுக் கீழே இருக்கும் லிகமென்ட். விரலை அங்கே வைத்தால் சுருக்கென்று வலிக்கும். சில மணி நேரத்தில் முட்டை அளவுக்கு வீங்கும்.

கிழிந்த நாரை இழுத்துவிட்டால் கிழிசல் பெரிதாகும். புதுக் காயத்தை நீவினால் உள்ளே கசியும் ரத்தம் அதிகமாகும். சுடு ஒத்தடமும் முதல் 2 நாளுக்கு வேண்டாம். இழுக்கும்போது 'டக்' என்று சத்தம் வந்ததால் சரியாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது மூட்டுத் திரவத்தில் குமிழி உண்டாகும் சத்தம். கிழிந்த நார் அதனால் ஒட்டிக்கொள்வதில்லை. எல்லாவற்றையும்விட ஆபத்து, எலும்பு முறிந்திருக்கும் காலை இழுத்துவிடுவது.

எக்ஸ்ரே தேவையா என்று பார்க்க ஆட்டவா விதிகள் என்று மருத்துவர்கள் வைத்திருக்கும் சோதனையை மைதானத்திலேயே செய்யலாம். அடிபட்டவரால் நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா பாருங்கள். நொண்டினாலும் பரவாயில்லை, இரண்டு காலிலும் எடை விழ வேண்டும். அடுத்து, வெளிக் கணுக்கால் எலும்பின் பின் ஓரத்தையும் நுனியையும், கீழிருந்து 6 செ.மீ. வரை, விரலால் அழுத்துங்கள். உட்புறக் கணுக்காலிலும் அப்படியே. பிறகு பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே புடைத்திருக்கும் எலும்பையும், உட்புற வளைவின் உச்சியில் உள்ள எலும்பையும் அழுத்துங்கள். நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ, இவற்றில் எந்த எலும்பை அழுத்தினாலும் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

முறிவு இல்லையென்றால் முதல் 2, 3 நாள்: ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், 3 மணி நேரத்துக்கு ஒருமுறை. தோலில் நேராக வைத்தால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். கிரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ தளர்த்துங்கள். படுக்கும்போது தலையணை வைத்துக் காலை நெஞ்சைவிட உயரத்தில் வையுங்கள்.

அதன் பிறகு செய்ய வேண்டியதைத்தான் நம் விளையாட்டு வீரர்கள் விட்டுவிடுகிறார்கள். வலி தாங்கும் அளவுக்கு மூன்றாம் நாளே பாதத்தை மேலும் கீழும் அசைக்கத் தொடங்குங்கள். வலி குறையக் குறைய, சுவரருகே அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள். நாளுக்கு 5 தடவை. அது சுலபமானதும் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். லிகமென்டுக்குள் மூட்டின் நிலையை மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. நாரோடு அவையும் அடிபடுகின்றன. வீக்கம் வடிந்ததும் களத்தில் இறங்குகிறவருக்குப் பாதம் சாய்வது தாமதமாகத்தான் தெரியும். கெண்டைக்காலின் வெளிப்புறத்தில் இருக்கும் பெரோனியஸ் தசைகள் இழுத்துப் பிடிப்பதற்குள் கால் மறுபடி மடங்கிவிடும். ஒரே கணுக்கால் திரும்பத் திரும்பச் சுளுக்குவது இப்படித்தான். ஓடி, சட்டென்று திரும்பி, ஒற்றைக்காலில் குதித்து வலியில்லாமல் நிற்க முடிகிறவரை ஆட்டம் வேண்டாம். லேசான சுளுக்குக்கே 2, 3 வாரம் ஆகும்; முழுக்கக் கிழிந்திருந்தால் மாதக்கணக்கு.

நடு இரவில் ஆடுசதை இழுத்துப் பிடிக்கிறது. உப்புக் குறைவுதான் காரணமா?
வாசகி, சிதம்பரம்

எல்லோருக்கும் அப்படி இல்லை. ஆடுசதையின் மேல்தசையான காஸ்ட்ரோநீமியஸ் முழங்காலுக்கு மேலே தொடங்கிக் குதிகாலில் முடிகிறது. மல்லாந்து படுக்கும்போது போர்வையின் கனத்தில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்து, தசை ஏற்கெனவே குறுகிக் கிடக்கிறது. அந்த நிலையில் சோம்பல் முறித்தால் மேலும் சுருங்கி இறுகிக்கொள்கிறது. நாள் முழுதும் நின்று வேலை செய்வது, வியர்வையில் நீர் இழப்பு, கர்ப்பம், சிறுநீர் பிரியத் தரும் மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை, நீரிழிவால் வந்த நரம்புப் பாதிப்பு என்று தூண்டும் காரணங்கள் பல. நீங்களாகவே உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டால் ரத்த அழுத்தம்தான் ஏறும். பிடிப்புக்குக் கொய்னா (குயினின்) மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் வாங்கி விழுங்க வேண்டாம். ரத்தத் தட்டுகளையும் இதயத் துடிப்பையும் கெடுக்கக்கூடியது.

பிடித்தவுடன் முழங்காலை நேராக நீட்டி, பாதத்தைத் தாடையை நோக்கி இழுங்கள். முழங்காலை மடக்கிக்கொண்டு இழுத்தால் மேல்தசை நீளாது. கை எட்டாவிட்டால் துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம். தினமும் படுக்கும்முன், சுவரில் கையூன்றி ஒரு காலைப் பின்னே நீட்டிக் குதிகாலைத் தரையில் அழுத்தி 10 விநாடி, காலுக்கு 3 தடவை நில்லுங்கள். அதையே முழங்காலைச் சற்று மடக்கிச் செய்தால் கீழே இருக்கும் சோலியஸ் தசை நீளும். அது முழங்காலைத் தாண்டாத தசை.

ஒரு காலில் மட்டும் வீங்கிச் சூடாக, தொடர்ந்து வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் வலித்து, நின்றால் விட்டுவிடுகிற வலி தமனி அடைப்பின் அறிகுறி. புகைபிடிப்பவர்களும் நீரிழிவுக்காரர்களும் இதை வெறும் தசைப்பிடிப்பு என்று விட்டுவிடக் கூடாது.

கால் நீட்டி உட்கார்ந்து விரலைத் தொட முடியவில்லை. முழங்காலை மடக்கினால் முடிகிறது. முதுகில் கோளாறா?
வாசகர், வந்தவாசி

பெரும்பாலும் முதுகு காரணமல்ல. பின்தொடையின் ஹாம்ஸ்ட்ரிங் தசைகள் நாம் உட்காரும் எலும்பில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிகின்றன. குனியும்போது மேல்முனையும், காலை நீட்டும்போது கீழ்முனையும் இழுபடுகின்றன. முழங்காலை மடக்கினால் கீழ்முனை தளர்ந்துவிடுவதால் கை எட்டுகிறது. மல்லாந்து படுத்து ஒரு தொடையை நெஞ்சுப் பக்கமாக 90 டிகிரி தூக்கி, கையால் பிடித்துக்கொண்டு, முழங்காலை மெல்ல நீட்டிப் பழகுங்கள். 30 விநாடி, காலுக்கு 3 தடவை. நீட்டும்போது புட்டத்திலிருந்து பாதம்வரை மின்சாரம்போலச் சுரீரென்றால் அது நரம்பு. நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

வயது 52, சர்க்கரை நோய் உண்டு. மூன்று மாதமாக வலது கையைத் தூக்கித் தலை வாரவும், பின்னால் கொண்டுபோய் ரவிக்கை கொக்கி மாட்டவும் முடியவில்லை. பயிற்சி செய்யலாமா, ஓய்வு தர வேண்டுமா?
வாசகி, மன்னார்குடி

கையைத் தலைக்குமேல் தூக்கும் 180 டிகிரி அசைவில் சுமார் 120 தோள் பந்துமூட்டில் நடக்கிறது. மீதி 60, முதுகில் தோள்பட்டை எலும்பே சுழல்வதால் கிடைக்கிறது. தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு மட்டும் இழுத்தால் மேல்கை எலும்பின் பந்து மேலே ஏறித் தோள்கூரையில் இடிக்கும். அப்படி ஏறவிடாமல் கிண்ணத்தோடு அழுத்திப் பிடிப்பவை ரோட்டேட்டர் கஃப் என்ற நான்கு சிறு தசைகள். தோள்வலியில் முதலில் பிரித்தறிய வேண்டியது, கோளாறு இந்தத் தசைநாண்களிலா, மூட்டைச் சுற்றி மூடியிருக்கும் மூட்டுறையிலா என்பது.

வீட்டிலேயே ஒரு சோதனை. முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 டிகிரி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். இரண்டு கையையும் ஒப்பிடுங்கள். பிறகு வேறொருவர் மெதுவாகத் திருப்பிப் பார்க்கட்டும். நீங்கள் திருப்பினாலும் பிறர் திருப்பினாலும் ஒரே இடத்தில் முட்டி நின்றால் மூட்டுறை இறுகியிருக்கிறது. அதுதான் ஃப்ரோஸன் ஷோல்டர். இதில் முதலில் குறைவது இந்த வெளித்திருப்பம். நீரிழிவு உள்ளவர்களிடமும் தைராய்டு கோளாறு உள்ளவர்களிடமும் இது கூடுதலாக வருகிறது. மாறாக, பிறர் தூக்கினால் கை முழுதும் போகிறது, நீங்களாகத் தூக்கினால் 60 முதல் 120 டிகிரிக்குள் வலிக்கிறது என்றால் நாண் பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

ஃப்ரோஸன் ஷோல்டர் முதலில் வலியாக, பிறகு இறுக்கமாக, கடைசியில் தளர்வாக மூன்று கட்டமாக நகரும். ஓராண்டு முதல் 3 ஆண்டுவரைகூட இழுக்கும். இரவில் வலி எழுப்பிவிடுகிற முதல் கட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கையை முறுக்கினால் வலி கூடுமே தவிர இறுக்கம் விடாது. அப்போது குனிந்து நல்ல கையை மேசையில் ஊன்றி, வலிக்கும் கையைத் தளரத் தொங்கவிட்டுச் சின்ன வட்டமாக 2 நிமிடம் ஆட்டினால் போதும், நாளுக்கு 3 வேளை. வலி அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சியதும், இரண்டு கையாலும் ஒரு கம்பைப் பிடித்து, நல்ல கையால் தள்ளி வலிக்கும் கையை வெளிப்பக்கம் திருப்புவதும், விரலால் சுவரில் ஏறுவதும் பலன் தரும். கழுத்தில் தூளி கட்டி மாதக்கணக்கில் ஓய்வு கொடுப்பது தவறு.

தொடக்க கட்டத்தில் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி வலியை நன்றாகக் குறைக்கும். ஆனால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். அந்த நாட்களில் அடிக்கடி சோதித்து, மருந்தளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தோள்வலியோடு நெஞ்சழுத்தமும் வியர்வையும் வந்தால் தோளைப் பற்றி யோசிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வீணை பழகுகிறேன். மோதிர விரல் மட்டும் தனியாக எழ மறுக்கிறது. பயிற்சிக் குறைவா?
மாணவி, கும்பகோணம்

பாதி பயிற்சி, பாதி அமைப்பு. விரல்களுக்குள் அவற்றை அசைக்கும் தசையே கிடையாது. விரல்களை வலுவாக மடக்கும், நீட்டும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. நீண்ட நாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரலுக்கு வருகின்றன. நடுவிரலை மடக்கி மேசையில் கவிழ்த்து வைத்து, மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். மோதிர விரல் எழாது. புறங்கையில் இந்த நாண்களைக் குறுக்கே இணைக்கும் பட்டைகள் இருப்பதால், நடுவிரல் மடங்கும்போது மோதிர விரலின் நாணும் சேர்ந்து கட்டுண்டுவிடுகிறது. ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நீட்டுவதற்கென்று தனித் தசையும் உண்டு. மோதிர விரலுக்கு அது இல்லை. பழகப் பழக மூளையின் கட்டளை துல்லியமாகும். பட்டைகளை வலிந்து அறுக்க முடியாது, அறுக்கவும் கூடாது. விரலை முறுக்கி இழுக்கும் பயிற்சி நாணில் அழற்சியைத்தான் தரும்.

கையில் இன்னொன்றையும் பாருங்கள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தொட்டுக்கொண்டு மணிக்கட்டைச் சற்று மடக்குங்கள். நடுவில் கயிறுபோல் ஒரு நாண் புடைத்தால் அது பால்மாரிஸ் லாங்கஸ். ஏறக்குறைய 7 பேரில் ஒருவருக்கு இது பிறவியிலேயே இருக்காது. பிடிப்பு வலுவில் கவனிக்கத்தக்க குறை எதுவும் வருவதில்லை. அதனால்தான் வேறிடத்தில் அறுந்த நாணுக்கு மாற்றாக மருத்துவர்கள் இதை எடுத்து வைக்கிறார்கள்.

இடுப்பில் ஊசி போடும்போது ஏன் மேலே, ஓரமாகப் போடுகிறார்கள்?
வாசகர், அறந்தாங்கி

சயாடிக் நரம்பைத் தவிர்க்க. உடலிலேயே பருமனான அந்த நரம்பு புட்டத்தின் கீழ்ப்பகுதியில் உட்புறமாக இறங்குகிறது. புட்டத்தை நான்காகப் பிரித்தால் மேல் வெளிக் கால்பகுதி மட்டும்தான் ஊசிக்கு ஏற்றது. கீழே குத்தி நரம்பில் பட்டால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். ஊசி ஏறும்போது காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தால் உடனே சொல்லுங்கள், ஊசியை எடுத்துவிட வேண்டும். போட்டுக்கொள்ளும்போது எடையை மற்ற காலில் தாங்கி, கால்விரல்களை உட்புறம் திருப்பி நின்றால் தசை தளர்ந்து வலி குறையும். கைக்குழந்தைக்குப் புட்டத் தசை வளர்ந்திருக்காது, நரம்போ அருகில் இருக்கும். ஆகவே தடுப்பூசியைத் தொடையின் முன் வெளிப்புறத்தில் போடுகிறார்கள். பெரியவர்களுக்குக் கையில் போடும் இடம், தோள்கூரை எலும்புக்கு 2, 3 விரற்கடை கீழே. அதற்கு மேலே குத்தினால் மருந்து தோள்மூட்டுப் பையில் இறங்கி வாரக்கணக்கில் தோள்வலி நிற்கும்.

சம்மணம் போட்டால் கால் மரத்துப்போகிறது. ரத்த ஓட்டம் தடைப்படுகிறதா?
வாசகர், திருவையாறு

முக்கியமாக அழுந்துவது நரம்பு. முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் தட்டுப்படும் எலும்பு முடிச்சை அடுத்து, பெரோனியல் நரம்பு தோலுக்கு அடியிலேயே வளைந்து போகிறது. தரையில் அந்த இடம் அழுந்தினால் பாதத்தைத் தூக்கும் தசைகளுக்குச் செய்தி போகாது. காலை நீட்டி, பாதத்தை மேலே தூக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே எழுந்திருங்கள். விழாக்களில் சட்டென்று எழுந்து கணுக்காலை முறித்துக்கொள்பவர்கள் இதைச் செய்யாதவர்கள். குத்துக்கால் வைத்து நெடுநேரம் களையெடுப்பவர்களுக்கும், குறுகிய காலத்தில் மிகவும் இளைத்தவர்களுக்கும் இந்த நரம்பு எளிதில் அழுந்தும். ஒரு மணி நேரமாகியும் பாதம் எழாவிட்டால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இறந்தவர் உடல் ஏன் விறைக்கிறது? தசைக்கு அப்போது சக்தி ஏது?
செவிலியர் பயிற்சி மாணவி, வேலூர்

சக்தி இல்லாததுதான் காரணம். தசைக்குள் ஆக்டின், மயோசின் என்ற இரு புரத இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதால்தான் சுருக்கம் நடக்கிறது என்பதை 1954-இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. ஒன்றில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹேன்சனும், மற்றதில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கேயும். மயோசின் பிடித்த பிடியை விடுவதற்கு, தசைக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு தேவை. மூச்சு நின்று ஏ.டி.பி. தீர்ந்ததும் பிடித்தது பிடித்தபடி பூட்டிக்கொள்கிறது. சில மணி நேரத்தில் தாடை, முகம் போன்ற சிறு தசைகளில் தெரியத் தொடங்கி, சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுதும் இறுகும். பிறகு புரதங்கள் சிதையச் சிதைய விட்டுவிடும். நம் கோடை வெப்பத்தில் இவையெல்லாம் சீக்கிரமே நடந்து முடியும். கண்ணையும் வாயையும் மூடி, கை கால்களை நேராக்கும் வேலையைத் தாமதிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

அப்பாவுக்கு 71 வயது. வேறு நோய் இல்லை. தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடலாமா?
வாசகி, உடுமலைப்பேட்டை

விடாதீர்கள். தரையிலிருந்து எழுப்புபவை முக்கியமாகத் தொடையின் குவாட்ரிசெப்ஸும் புட்டத்தின் குளுட்டியஸ் மாக்ஸிமஸும். உழைப்பும் புரதமும் குறைந்தால் இவை வேகமாகக் கரையும். 70 வயதிலும் 80 வயதிலும் இவற்றை மீண்டும் வலுப்படுத்த முடியும்.

முதலில் அளந்து பாருங்கள். ஆசியர்களுக்கென 2019-இல் வல்லுநர் குழு வகுத்த அளவுகள் இருக்கின்றன. கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசைத்திறன் குறைவு. ஆடுசதையின் பருமனான இடத்தில் அளவு நாடா சுற்றினால் ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ. குறைந்தது இருக்க வேண்டும். கால்வீக்கம் இருந்தால் இந்த அளவை நம்ப முடியாது.

சுவரோடு ஒட்டிய, கைப்பிடியில்லாத நாற்காலியில் எழுந்து உட்காருவதே நல்ல பயிற்சி. 8 முதல் 10 தடவை, 2 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் 3 எண்ணி இறங்கச் சொல்லுங்கள். வலு சேர்வது அதில்தான். 12 தடவை சிரமமில்லாமல் வந்தால் உயரம் குறைந்த முக்காலிக்கு மாறலாம். கூடவே, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை 10 முறை உயர்த்தி இறக்கட்டும்.

புரதம் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 60 கிராமுக்கு மேல். மூன்று வேளையும் இட்லி, சோறு, ரசம் என்று போனால் இதில் பாதி வந்தாலே அதிகம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 200 மி.லி. பாலில் 6 கிராம், சமைக்காத பருப்பு 30 கிராமில் 7 கிராம், மீனோ கோழியோ 100 கிராமில் 20 கிராம் அளவு கிடைக்கும். ஒரே வேளையில் குவிக்காமல் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

வலு கூடும்வரை எழும் முறையை மாற்றிக்கொடுங்கள். பக்கவாட்டில் திரும்பி, இரு கையும் ஊன்றி முழங்காலில் நின்று, அருகில் ஒரு நாற்காலியைப் பிடித்து, வலுவான காலின் பாதத்தை முன்னே ஊன்றி எழ வேண்டும். எழுந்ததும் நடக்காமல் 10 விநாடி நிற்கட்டும். அப்போது தலை சுற்றினால் நின்ற நிலையிலும் படுத்த நிலையிலும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு காலில் ஒன்று மட்டும் தளர்ந்திருந்தாலோ, பலவீனம் சில நாளில் திடீரென்று வந்திருந்தாலோ இந்தப் பயிற்சிகளைத் தொடங்காமல் முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.